கப்பல் நிற்கும் ஏழு மணித்தியாலம்

கேள்வி: கனடாவில் இருந்து பெரியம்மா உல்லாசக் கப்பலில் வருகிறா. காலை 9 முதல் மாலை 4 வரை கப்பல் ஒஸ்லோவில் நிற்கும். ஊரும் பார்க்க வேணும், எங்கள் வீட்டில் சாப்பிடவும் வேணும் என்கிறா. முடியுமா?
– ஒரு வாசகி, ஸ்டோவ்னர்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் கணக்கைக் கடைசியில் இருந்து போடுங்கள். கப்பல் வெளிக்கிட அரை மணித்தியாலம் முன்பே எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்பது பொது வழக்கம். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. ஆகவே 3 மணிக்கே துறைமுகத்தில் நில்லுங்கள்.

தூரத்தை முதலில் முடியுங்கள். இறங்கியதும் வெஸ்ட்லி போகும் டி-பானே மெட்ரோ ரயிலில் ஏறினால் நகர மையத்தில் இருந்து ஸ்டோவ்னருக்குச் சுமார் 25 நிமிடம். 2017இல் திறந்த ஸ்டோவ்னர் கோபுரத்தைக் காட்டுங்கள். கட்டணம் இல்லை. 260 மீட்டர் நீளச் சாய்பாதை என்பதால் முழங்கால் நோவுள்ளவரும் ஆறுதலாக ஏறலாம். 12 மணிக்குள் சாப்பாடு.

பிறகு நகரம்: ஒப்பெரா மாளிகையின் கூரையில் ஒரு நடை, நேரமிருந்தால் அகெர்ஷுஸ் கோட்டை. கப்பல்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டையடியில்தான் கட்டப்படும். எந்த இறங்குதுறை என்று முதல்நாளே கேட்டு வையுங்கள். விகெலாண்ட் பூங்காவை இந்த முறை விட்டுவிடுங்கள். அது நகரின் மறுபக்கம்.