மூன்று சுருளுக்கு மேல் ஏறாது, அம்மிணி

போத்தனூர்,
மார்கழி மாதம்.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பச்சி ஆசியுடன் எழுதுவது. 

போன வாரம் பீளமேட்டு வீட்டு மாடியறையில் நீ ஓட்டிக் காட்டிய கூட்ஸ் வண்டி அப்பச்சியின் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. என்ஜின் அச்சு அசல். கடைசி பிரேக் வேனில் சிவப்பு விளக்குக்கூட இருந்தது. ஆனால் நடுவில் வந்த ஃபிளாட் வேகன்களைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் சுணங்கிவிட்டது. ஒன்றில் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பலகைக் கட்டு, அதன்மேல் அந்த ஊர் மரக்கடைக்காரர் பெயர். அடுத்ததில் பச்சை டிராக்டர். அதற்கடுத்ததில் இந்த ஓரம் தொட்டு அந்த ஓரம் வரை பத்து இரும்புச் சுருள். இருகூர்ப் பக்கம் ஒரு பொழுது நின்று கூட்ஸ் பார்த்தவர் யாரும் இந்த வண்டியை நம்பமாட்டார்கள்.

முப்பது வருஷம் கூட்ஸ் கார்டாகப் பிரேக் வேனில் போனவர் உன் அப்பச்சி. இப்போது அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. வளைவு வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்க வேண்டும். முன்னால் போகிற சரக்கு சாய்ந்திருக்கிறதா, சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று கண் தேடும். மூடிய வேகனுக்குள் என்ன இருக்கிறதென்று சீட்டுதான் சொல்லும். ஃபிளாட் வேகனுக்குச் சுவரே இல்லை. அது எந்த ஊர்ச் சரக்கு, என்ன கனம் என்று சரக்கே வாய்திறந்து சொல்ல வேண்டும்.

கனத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நம் வேகன்களுக்குப் பழைய கணக்குப்படி ஓர் அச்சுக்கு 20.32 டன். நான்கு அச்சுக்கு 81 டன் சொச்சம். வேகனின் சொந்த எடையைக் கழித்தால் சரக்குக்கு 60 டன்னுக்குச் சற்றுக் கீழேதான் மிஞ்சும். இனி ஒரு எஃகுச் சுருளை எடுத்துக்கொள்: விட்டம் 1.7 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், நடுவில் 60 சென்டிமீட்டர் ஓட்டை. எஃகு கன மீட்டருக்கு 7.85 டன். பெருக்கிப் பார், ஒரு சுருளே ஏறக்குறைய 19 டன் வரும். மூன்று ஏற்றினால் வேகன் நிறைந்துவிட்டது. 22.9 டன் அச்சுச்சுமை தாங்கும் புது வேகனிலும் நான்காவது ஏறாது. அதனால்தான் இரும்பு ஏற்றிய வேகன் தூரத்திலிருந்து பார்த்தால் பாதி காலியாகத் தெரியும். உன் பத்துச் சுருளின் கனம் 190 டன், அம்மிணி!

மூன்று சுருள் செய்ய ஒரு ராத்திரி போதும். உன் எச்.ஓ. அளவு 87-இல் ஒன்று. அதில் சுருளின் விட்டம் 19.5 மில்லிமீட்டர், அகலம் 14, ஓட்டை 7. சாதாரண பென்சிலின் தடிமன். ஏ4 தாளை நீளவாக்கில் 14 மில்லிமீட்டர் கீற்றுகளாக வெட்டு. ஒன்றன் முனையில் இன்னொன்றை ஒட்டிப் பென்சில்மேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டே போ. ஒன்பது கீற்று ஆனதும் அளவு வந்துவிடும். பக்கவாட்டில் தாளின் அடுக்குகள் தெரியும் பார், நிஜச் சுருளின் விளிம்பும் அப்படித்தான் வரிவரியாக இருக்கும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் வார்ப்பில் இந்த வரி கிடைப்பது அபூர்வம். மேலே பட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் கறுப்புத் தாள். சேலம் உருக்காலைச் சரக்கு என்று நினைத்துச் செய்தால் வெள்ளி மினுக்கம் கொடு. அது துருப்பிடிக்காத எஃகுக்குப் பேர்போன இடம். சாதாரண எஃகானால் நீலம் கலந்த சாம்பலும் ஓரத்தில் லேசான துருவும்.

கோயமுத்தூர் என்றதும் பம்பு செட்டையும் கிரைண்டரையும் ஃபிளாட் வேகனில் அடுக்க உனக்கு ஆசை வரும். வேண்டாம். அதெல்லாம் லாரியிலோ மூடிய வேகனிலோ போகிற பண்டம். திருப்பூர் பனியனும் அப்படித்தான், பெட்டிக்குள் அடைந்தே கப்பலுக்குப் போகும். ஆனால் அந்தப் பெட்டி உனக்கு உதவும். கன்டெய்னர் கார்ப்பரேஷன் 1988-இல் உருவானது; நம் இருகூரிலேயே அதன் டிப்போ இருக்கிறது. பி.எல்.சி. என்ற தாழ்ந்த தள வேகன்கள் ஐந்தைந்தாகப் பிணைந்து ஓடும். 20 அடிப் பெட்டி உன் அளவில் 70 மில்லிமீட்டர், 40 அடி 140. எல்லாப் பெட்டியும் ஒரே நிறத்தில் பளபளக்க வேண்டாம், ஒன்றிரண்டு நசுங்கட்டும்.

தண்டவாளச் சரக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பிலாய் ஆலையில் உருட்டும் தண்டவாளங்களை 260 மீட்டர் நீளத்துக்குப் பற்றவைத்து, ஒரு முழு வண்டியின் மேலேயே கிடத்திக் கொண்டு வருவார்கள். ஒரே இரும்பு, பல வேகன். வளைவில் வண்டி திரும்பும்போது தண்டவாளமும் சேர்ந்து நாணலாக வளைந்து வரும். முதல்முறை அதைப் பார்த்தபோது அப்பச்சிக்குப் பேச்சே வரவில்லை. நடுவே ஒரு வேகனில் மட்டும் அதை இறுகப் பிடித்திருப்பார்கள். மற்றவற்றில் உருளைமேல் சும்மா கிடந்து முன்னும் பின்னும் நழுவும். நீயும் அப்படியே செய். 260 மீட்டர் உன் அளவில் மூன்று மீட்டர், மாடியறை கொள்ளாது. 130 மீட்டர் போதும், ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்பது பத்து வேகன். நடு வேகனில் மட்டும் ஒட்டு. எல்லாவற்றிலும் ஒட்டினால் முதல் வளைவிலேயே வண்டி தடம் புரளும்.

லாரி மேல் உனக்குப் பிரியம் உண்டென்றால் கொங்கண் ரயில்வேயைப் பார். 1999 முதல் சரக்கோடு லாரியையே ஃபிளாட் வேகனில் ஏற்றி மலைப்பாதை கடத்துகிறார்கள். டிரைவரும் கூடவே போவார். நம் நாமக்கல் லாரி ஒன்றை அதில் நிறுத்து, டி.என். 28 என்று நம்பர் எழுது. தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துப் போர்த்தினால் மடிப்பு தானாக விழும். லாரி அகலம் 29 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

மரம் ஏற்றத்தான் வேண்டுமென்றால், அமெரிக்கப் பலகையை எடுத்துவிட்டு நம் ஆனைமலைத் தேக்கை ஏற்று. பொள்ளாச்சிக்கு மேலே டாப்ஸ்லிப் என்ற பெயரே, வெட்டிய மரத்தைச் சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால் வந்தது. அதற்கு அந்தப்புறம் பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மீட்டர் கேஜ் பாதையில் கொச்சி வன டிராம்வே ஓடியது. 1907 முதல் 1963 வரை, சுமார் 80 கிலோமீட்டர், முக்கியமாகத் தேக்குக்காகவே. செங்குத்தான இடங்களில் கம்பி வடத்தில் வேகனை இறக்குவார்கள். உன் பலகையின் ஒரு மூலையில் 12 மில்லிமீட்டர் பாதை போட்டு இதைச் செய்தால், நம் மலையின் கதை ஒன்று வீட்டுக்குள் வந்துவிடும்.

இரண்டடி விட்டமுள்ள கட்டை உன் அளவில் 7 மில்லிமீட்டர் குச்சி. வாசல் செம்பருத்தியில் கவாத்துப் பண்ணிய கிளையை இரண்டு வாரம் நிழலில் காயவை. பச்சையாக ஏற்றினால் சுருங்கிக் கட்டு தளர்ந்துவிடும். ரம்பத்தால் அறு, கத்தரியால் நறுக்காதே. வெட்டுமுகத்தில் நடுவே தேன் பழுப்பு, ஓரம் வெளிர் மஞ்சள். அதன்மேல் ஊசிமுனையால் ஒரு சின்ன எண். காட்டிலாகா டிப்போவில் கட்டைக்குக் கட்டை எண் போட்டு முத்திரை அடிப்பது உனக்குத் தெரியும்தானே?

கட்டும் விஷயத்தில் அவசரப்படாதே. ஒரு தரம் ஒரு ஸ்டேஷனில் ஆப்பு வைக்காமல் ஏற்றிய குழாய்கள், அடுத்த வளைவில் ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டன. அப்பச்சி வண்டியை நிறுத்தி நாலு மணி நேரம் காவல் நின்றார். உருளுகிற எதற்கும் இரு பக்கமும் ஆப்பு வை. சங்கிலிக்குப் பருத்தி நூல் எடுத்தால் பிசிறு தெரியும். மெழுகுவர்த்தியில் இரண்டு தரம் இழுத்தால் பிசிறு படிந்துவிடும். முடிச்சு வேகனுக்கு அடியில் இருக்கட்டும். சரக்கை வேகனில் நேராக ஒட்டாமல் மெல்லிய அட்டையில் ஒட்டினால், போகும்போது பாரமும் வரும்போது காலியுமாக ஓட்டலாம். காலி வேகன் துள்ளாமலிருக்க அடியில் நட்டு போல்ட்டை ஒட்டி, மொத்த எடையை 120 கிராமுக்குக் கொண்டு வா.

இன்னொன்று. அகல ரயில் பாதையில் போகிற எதுவும் 3,250 மில்லிமீட்டர் அகலத்தையும் நடுவில் 4,265 மில்லிமீட்டர் உயரத்தையும் தாண்டினால் தனி அனுமதி வேண்டும். உன் அளவில் அது 37-க்கு 49. அந்த அளவில் அட்டையில் வாசல் ஒன்று வெட்டி வைத்திருக்கிறார் அப்பச்சி. பட்டி நோம்பிக்கு வரும்போது கொண்டு வருகிறார். அதற்குள் மூன்று சுருளையும் சுற்றி முடித்துவிடு; வேகனில் ஏற்றி, அந்த வாசல் வழியாக ஓட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பச்சி