செங்கோட்டை: 5 எழுத்தா, 10-ஆ, 11-ஆ?

ப்ராஜெக்ட்டுக்குத் தமிழ்ப் பெயர்கள் உள்ள டேட்டாபேஸ் வச்சிருக்கீங்களா? அப்போ ஒரு சின்னச் சோதனை செய்யுங்க. ‘செங்கோட்டை’ என்று டைப் பண்ணி, பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேளுங்க. நமக்குத் தெரிவது 5 எழுத்து: செ, ங், கோ, ட், டை. பைத்தான் 10 என்று சொல்லும். வேறொரு ஃபைலில் இருந்து வந்த அதே பெயருக்கு 11 என்றும் சொல்லலாம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா ரெண்டும் சமமா என்று கேட்டால், ‘இல்லை’ என்று பதில் வரும்.

முதலில் அந்த 10 எப்படி வந்தது? யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம் இருக்கு. அதில் உயிர்மெய்க்குத் தனி எண் கிடையாது. மெய்வரிசைக்கு ஒரு எண், அதோடு சேரும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ இன்னொரு எண். ஆக, 5 எழுத்துக்கும் இரண்டிரண்டு, மொத்தம் 10.

இதில் வரிசையையும் கவனிக்கணும். ‘செ’ எழுதும்போது கொம்பை முதலில் போடுறோம். கம்ப்யூட்டரில் ‘ச’ முதலில், கொம்பு பிறகு. அதாவது உச்சரிக்கும் வரிசை. இந்திய அரசின் இஸ்கி முறையில் இருந்து யூனிகோடுக்கு வந்த வழக்கம் இது. பர்மாவின் ஷான் எழுத்திலும் இடப்பக்கம் நிற்கும் ‘ஏ’ குறி மெய்க்குப் பிறகுதான் சேமிக்கப்படுது. தாய்லாந்து எழுத்தில் நேர்மாறு. கண்ணில் படும் வரிசையே சேமிப்பு வரிசை.

சரி, 11 எங்கிருந்து வந்தது? வில்லங்கம் ‘கோ’வில் இருக்கு. ஓகாரக் குறிக்கு 3019 என்று ஒரே எண் உண்டு. இரட்டைக்கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டு எண்ணாகப் பிரிச்சும் எழுதலாம். ரெண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடே சொல்லுது. யூனிகோடுக்கு முந்தைய பல ஃபான்ட்களில் கொம்பு, க, கால் என்று தனித்தனியாகத்தான் இருக்கும். அதை மாற்றும் ப்ரோகிராம் கொம்பை மட்டும் ‘க’வுக்குப் பின்னால் நகர்த்திவிட்டு நின்றுவிட்டால், பிரிந்த ‘கோ’ கிடைக்கும்.

தென்காசியும் குற்றாலமும் தப்பிச்சிடும். செங்கோட்டை, சங்கரன்கோவில், பண்பொழி மாட்டிக்கும். ஊர்ப்பெயரோடு இது முடிஞ்சா பரவாயில்லை. ஸ்காலர்ஷிப் பட்டியலில் கோமதி என்ற பெண்ணின் பெயர் பிரிந்த வடிவில் இருக்குன்னு வைங்க. தேடுபவர் ஒற்றைக் குறியில் டைப் பண்ணுவார். ‘பதிவு இல்லை’ என்று வரும். ஸ்க்ரீனில் பெயர் சரியாகவே தெரிவதால், தப்பு எங்கே என்று யாருக்கும் பிடிபடாது.

தீர்வு ஒரு வரி கோடுதான். பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கு. அதற்கு ‘என்.எஃப்.சி’ என்று கொடுத்தால் 3015, 3006 ஜோடி 3019 ஆகிவிடும். சேமிக்கும்போதும் செய்யணும், தேடும்போதும் செய்யணும். ஒரு பக்கம் விட்டாலும் பழைய கதைதான்.

ஆனா இது தீர்க்காத ஒன்றும் இருக்கு. ‘கௌரி’யை ‘கெளரி’ என்று பலர் டைப் பண்றாங்க. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவதில் ஔகாரக் குறி, எண் 3020. இரண்டாவதில் ஒற்றைக்கொம்புக்குப் பிறகு வருவது நிஜமான ‘ள’ என்ற எழுத்து. யூனிகோடைப் பொறுத்தவரை இவை வேறு வேறு சொற்கள், நார்மலைஸ் தொடாது. கொம்பு, ள வரும் இடமெல்லாம் ஔகாரமாக்கலாமே என்று தோணும். அப்படிச் செய்தா ‘வெளி’, ‘தெளிவு’, ‘கெளுத்தி’ எல்லாம் உடைஞ்சிடும். அந்தப் பெயர்களை மட்டும் தனியாக எடுத்து, ஆளே பார்த்துத் திருத்தணும்.

ரிவ்யூவுக்கு முன்னாடி உங்க டேட்டாவில் 3015-க்கு அடுத்து 3006 எங்கேயாவது வருதான்னு தேடிப் பாருங்க. ஐந்து நிமிஷ வேலை.