பெரிய குஞ்சுகள்தாம் பிழைக்குமா?

நம்பிக்கை: கடலுக்குப் புறப்படும் சால்மன் குஞ்சு எவ்வளவு பெரிதோ, அது பிழைத்து ஆற்றுக்குத் திரும்பும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

உண்மை: இது பாதிதான் சரி. உடலின் பக்கவாட்டுக் கரும்பட்டைகள் மறைந்து செதில்கள் வெள்ளியாகப் பளபளக்க, செவுள்களும் உப்புநீரைத் தாங்கும்படி மாறிக் கடல்நோக்கிக் கிளம்பும் பருவத்துக் குஞ்சு ஸ்மோல்ட் எனப்படும். இப்பருவத்தில் பெரிய உடலால் பயனுண்டு. இரையை முழுதாக விழுங்கும் மீன்களின் வாய்க்கு அது எளிதில் அடங்காது, விரைந்தும் நீந்தும். கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள கியோ ஆற்றில், சால்மனின் நெருங்கிய உறவான ஸ்டீல்ஹெட் மீன்களுள் பெரிய ஸ்மோல்ட்டுகளே அதிக விகிதத்தில் திரும்பின. ஆனால் அதே தீவின் கார்னேஷன் ஓடையில் வாழும் கோஹோ சால்மன்களைப் பற்றி 1990இல் வெளியான ஆய்வு, கடலில் பிழைப்பு மோசமாக இருந்த ஆண்டுகளில்தான் பெரியவை முந்தியதாகத் தோன்றியது என்றும், எல்லா ஆண்டுகளிலும் அவற்றுக்கு அந்த அனுகூலம் வாய்க்கவில்லை என்றும் காட்டியது. மேலும், புறப்படும்போதுள்ள அளவோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. பீமிஷ், மான்கன் ஆகிய ஆய்வாளர்கள் 2001இல் முன்வைத்த கருதுகோளின்படி, கடலில் கழியும் முதல் கோடைக்குள் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டாத மீன்கள், வேட்டைக்குத் தப்பியிருந்தாலும், அதையடுத்து வரும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் உடல்வளம் போதாமல் மடிகின்றன.

நம்பிக்கை: வேட்டையாடும் உயிர்கள் சிறிய குஞ்சுகளையே பிடிக்கும்.

உண்மை: மீன்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் இவ்விதி எல்லாப் பறவைகளுக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுக் கழிமுகத்தில், ஈஸ்ட் சாண்ட் தீவில் முட்டையிடும் காஸ்பியன் ஆலாக்கள் தின்ற மீன்களின் உடலில் முன்பே பொருத்தப்பட்டிருந்த, அரிசிமணி அளவிலான கண்ணாடிக்குப்பி அடையாளச் சில்லுகள் அத்தீவின் மணலிலேயே கண்டறியப்படுகின்றன. அவற்றைக் கணக்கிட்டால், சினூக் சால்மன் ஸ்மோல்ட்டுகளைவிட உருவில் பெரிய ஸ்டீல்ஹெட் ஸ்மோல்ட்டுகளே அதிக விகிதத்தில் இரையாவது தெரிகிறது. நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் பெரிய மீன், மேலிருந்து பாயும் பறவையின் கண்ணில் எளிதில் படுகிறது.

நம்பிக்கை: குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் கொழுக்க வளர்த்து ஆற்றில் விட்டால் மீன்வளம் பெருகும்.

உண்மை: இந்த நம்பிக்கைதான் அதிகக் கேடு செய்வது, ஏனெனில் விடப்படும் குஞ்சின் எடையே வெற்றியின் அளவுகோலாகிவிடுகிறது. அளவுக்கு மீறி வளர்க்கப்பட்ட கோஹோ ஆண்குஞ்சுகள் பல, உரிய காலத்துக்கு முன்பே இனமுதிர்ச்சி அடைந்து, கடலில் ஓராண்டுகூடத் தங்காமல், முழு வளர்ச்சி பெறாத சிறு மீன்களாகவே ஆறு திரும்பிவிடுகின்றன.