ஆராய்ந்தறிந்த கீரி

கற்றல் நோக்கங்கள்
• கதை நிகழ்வுகளை முறைப்படுத்திக் கூறுதல்.
• இருவேறு கதைகளை ஒப்பிட்டுக் கருத்துரைத்தல்.
• ஆராயாது செய்யும் செயலின் விளைவை உணர்தல்.

நுழையும்முன்
எப்போதும் சண்டையிடும் இருவரைப் ‘பாம்பும் கீரியும் போல’ என்கிறோம். பாம்பை வெல்லும் ஆற்றல் அச்சிறு விலங்கிற்கு எங்கிருந்து வருகிறது? கூரிய பற்களா, விரைந்த கால்களா, வேறு ஏதேனுமா? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு பாடத்தைப் படியுங்கள்.

பாடம்

ருட்யார்ட் கிப்ளிங் 1865ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர். 1907இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர். 1894இல் அவர் வெளியிட்ட ‘தி ஜங்கிள் புக்’ என்னும் நூலில், மௌக்லியின் கதைகளோடு ஒரு கீரியின் கதையும் இடம்பெற்றுள்ளது. அக்கீரியின் பெயர் ரிக்கி-டிக்கி-டாவி. கதை நிகழும் இடம் சுகௌலி. அவ்வூர் இன்று பீகார் மாநிலத்தின் கிழக்குச் சம்பாரண் மாவட்டத்தில் உள்ளது. அங்கிருந்த ஆங்கிலேயரின் பங்களா ஒன்றும் அதன் தோட்டமுமே கதைக்களம்.

கோடையில் ஒரு நாள் பெருகிவந்த வெள்ளம், இளங்கீரி ஒன்றை வளையிலிருந்து அடித்துச் சென்றது. அது மயங்கிக் கிடந்ததைக் கண்ட டெடி என்னும் சிறுவன், இறந்துவிட்டது என்றே எண்ணினான். வீட்டார் அதனை எடுத்துப் பஞ்சில் பொதிந்து வெம்மையூட்டினர். கீரி கண்விழித்துத் தும்மியது. அச்சமின்றி அவ்வீடு முழுவதையும் சுற்றிப் பார்த்தது. மைக்கூட்டிலும் மூக்கை நுழைத்தது. எதையும் நேரில் சென்று கண்டறிய வேண்டும் என்னும் ஆவலே கீரிக்குலத்தின் இயல்பு என்கிறார் கிப்ளிங். டெடியின் தாய் முதலில் அஞ்சினாள். தந்தையோ, மகனுக்கு இதைவிடச் சிறந்த காவல் இல்லை என்று கருதினார். கீரி டெடியின் படுக்கையிலேயே உறங்கியது.

மறுநாள் தோட்டத்தில் தையற்சிட்டுகள் இரண்டு அழுதுகொண்டிருந்தன. கூட்டிலிருந்து விழுந்த அவற்றின் குஞ்சை நாகன் என்னும் நல்லபாம்பு விழுங்கிவிட்டது. கீரி காரணம் கேட்டுக்கொண்டிருந்தபோதே நாகன் படமெடுத்து எதிரே நின்றது. அதன் துணையாகிய நாகைனா பின்புறமிருந்து பாய்ந்தது. சிட்டு எழுப்பிய குரலைக் கேட்டுத் துள்ளியதால் கீரி உயிர் தப்பியது. சிறிது நேரத்தில் புழுதி நிறக் கட்டுவிரியன் ஒன்று டெடியின் அருகே தலைதூக்கியது. அதனையும் கீரி கொன்றது. எனினும் அதை உண்ணவில்லை. வயிறு நிறைந்தால் விரைவு குறையும் என்பதை அது அறிந்திருந்தது.

அன்றிரவு குளியலறைச் சுவரின் மறுபுறம் நாகங்கள் பேசுவதைக் கீரி உற்றுக்கேட்டது. வீட்டில் மனிதர் இல்லையேல் கீரியும் நீங்கிவிடும். முலாம்பழப் பாத்தியில் உள்ள முட்டைகள் பொரிந்தால் குஞ்சுகளுக்குத் தோட்டம் முழுவதும் உரியதாகும். ஆகவே, விடியலில் குளிக்கவரும் டெடியின் தந்தையைக் கடிப்பது என்பது அவற்றின் திட்டம். நாகன் நீர்ச்சாடியைச் சுற்றிக்கொண்டு உறங்கியது. கீரி உடனே பாயவில்லை. எங்குக் கடித்தால் பிடி தளராது என்று நெடுநேரம் எண்ணிப் பார்த்து, பின்னரே தலையைக் கவ்வியது. நாகன் அதனைத் தரையிலும் சுவரிலும் மோதியது. கீரி பிடியை விடவில்லை. ஓசை கேட்டு வந்த தந்தை துப்பாக்கியால் நாகனைச் சுட்டார்.

பொழுது புலர்ந்ததும் ஆண்சிட்டு வெற்றிப் பாட்டுப் பாடியது. கீரிக்குப் பாட்டுத் தேவைப்படவில்லை. முட்டைகள் எங்கே என்னும் விடையே தேவைப்பட்டது. பெண்சிட்டு சிறகொடிந்ததுபோல் நடித்து நாகைனாவை விலக்கி அழைத்துச் சென்றது. கீரி 25 முட்டைகளைக் கண்டு அழிக்கத் தொடங்கியது. மூன்று எஞ்சியிருந்தபோது அபயக்குரல் எழுந்தது: நாகைனா தாழ்வாரத்தில் டெடியின் அருகே சீறி நின்றது. இறுதி முட்டையை வாயிற்கவ்வி ஓடிவந்த கீரி, அதனைக் காட்டி நாகைனாவைத் திசைதிருப்பியது. முட்டையைப் பறித்துக்கொண்டு ஓடிய நாகைனாவைப் பின்தொடர்ந்து இருண்ட வளைக்குள் நுழைந்தது. இறந்தது என்று அனைவரும் எண்ணியிருக்க, உடலெங்கும் மண்படிந்து வெளியே வந்தது.

இக்கதையில் கீரியின் முதற்கருவி பல் அன்று, வினா. கேட்டது, உற்று நோக்கியது, எண்ணியது, அதன் பின்னரே பாய்ந்தது.

இனி மற்றொரு கீரியைக் காண்போம். தன் குழந்தையோடு கீரி ஒன்றையும் வளர்த்துவந்த தாய் ஒருத்தி, தொட்டிலை நெருங்கிய பாம்பை அக்கீரி கொன்றதை அறியாள். வாயில் குருதியோடு எதிரே வந்த கீரியைக் கண்டு, குழந்தையைக் கடித்துவிட்டது என்று கருதிக் கொன்றாள். உள்ளே சென்று பார்த்தபோது குழந்தை நலமாக இருந்தது. பஞ்சதந்திரம் கூறும் இக்கதையின் நிழல் சிலப்பதிகாரத்திலும் படிந்துள்ளது. அடைக்கலக் காதையில், கோவலனின் நற்செயல்களை மாடலன் என்னும் மறையவன் எடுத்துரைக்கிறான். கீரியின் இறப்பால் கணவனைப் பிரிந்து வாடிய பார்ப்பனப் பெண்ணை அழைத்து, அவள் உற்ற துன்பத்தைக் கேட்டறிந்து, பாவம் நீங்கத் தானம் செய்து, கணவனோடு சேர்த்துவைத்தவன் கோவலன் என்பது அவற்றுள் ஒன்று.

இதற்கு அடுத்து வரும் கொலைக்களக் காதையை எண்ணிப் பாருங்கள். ஆராயாது செய்த பிழைக்கு மருந்தாக நின்ற அதே கோவலன், ஆராயாத அரசன் ஒருவனால் கொலையுண்டான். பொற்கொல்லன் கூறியதை உண்மை என்று கொண்ட பாண்டியன், கோவலனை ஒரு சொல்லும் வினவவில்லை. வாயில் படிந்த குருதியைக் கண்ட தாய்க்கும், கையில் இருந்த சிலம்பைக் கேள்வியுற்ற மன்னனுக்கும் தேவைப்பட்டது ஒரு கணப்பொழுதே. அக்கணத்தைத் தொட்டிலின் அருகே செலவிட்டிருந்தால் கீரி பிழைத்திருக்கும்; அவையில் செலவிட்டிருந்தால் மதுரை எரிந்திராது.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது பழமொழி. அதனை ஒரு சிறு கீரி செய்து காட்டியது.

அறிந்துகொள்வோம்
• பாம்பு கடித்தால் கீரி மூலிகை தேடி உண்ணும் என்பது வெறும் நம்பிக்கையே. விரைவும் சிலிர்த்து நிற்கும் மயிருமே அதன் காப்பு. நாகநஞ்சு பற்றும் நரம்பு ஏற்பிகளின் அமைப்பு கீரியின் உடலில் மாறியிருப்பதால், நஞ்சு அதனை எளிதில் வீழ்த்துவதில்லை. ஆயினும் முழுப் பாதுகாப்பு அதற்கு இல்லை.
• கீரிகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. எனினும் ஓவியத் தூரிகைக்காக அவை இன்றும் வேட்டையாடப்படுகின்றன. தூரிகை வாங்கும்போது அது எதனால் ஆனது என்று வினவுங்கள்.

சொற்பொருள்
நகுலம் – கீரி (இந்தியில் வழங்கும் ‘நேவலா’ என்னும் சொல்லும் இதனோடு தொடர்புடையது)
குருதி – இரத்தம்
காதை – கதை தழுவிய செய்யுட் பகுதி
வளை – பொந்து
உற்ற – அடைந்த

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கட்டுவிரியனைக் கொன்ற கீரி அதனை உண்ணாதது ஏன்?
2. நாகங்கள் டெடியின் தந்தையைக் கொல்லத் திட்டமிட்டது ஏன்?
3. ஆண்சிட்டு, பெண்சிட்டு ஆகியவற்றின் செயல்களில் கீரிக்கு உதவியது எது?

ஆ. பிரித்து எழுதுக.
ஆராய்ந்தறிந்த, தையற்சிட்டு, கொலையுண்டான், முதற்கருவி

இ. சிந்தித்து விடை எழுதுக.
1. தாயும் பாண்டியனும் செய்த பிழைகளுக்கு இடையே உள்ள ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை ஒன்றும் எழுதுக.
2. நாகைனாவும் தன் முட்டைகளைக் காக்கவே போராடியது. இக்கதையை நாகைனா கூறினால் எவ்வாறு தொடங்கும்? ஐந்து தொடர்களில் எழுதுக.

ஈ. செயல்பாடு
1. திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய ‘தெரிந்துசெயல்வகை’யைப் படித்து, இப்பாடத்திற்குப் பொருந்தும் குறள் ஒன்றைத் தெரிவு செய்து வகுப்பில் விளக்குக.
2. வினவாமலே நீங்கள் ஒருவரைத் தவறாக எண்ணிய நிகழ்வு ஒன்றையும், உண்மையைப் பின்னர் அறிந்த விதத்தையும் எட்டு வரிகளில் எழுதுக. அவருடைய பெயரைக் குறிப்பிட வேண்டா.