சிற்றுருக் குதிரை வீரர்

கலைகளுட் சில, தம் பருமையால் கண்டாரை வியக்கவைப்பன. சில, உற்று நோக்குவார்க்கே தம் நுட்பத்தைப் புலப்படுத்துவன. போர்வீரர் சிற்றுருவங்களுக்கு வண்ணந் தீட்டும் கலை பின்னதைச் சார்ந்தது.

மேலைநாடுகளில், பண்டு நிகழ்ந்த போர்களை மேசைமீது நிகழ்த்திக் காட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. 1824ஆம் ஆண்டில், ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷிய நாட்டுப் படை அலுவலர், தம்மோரைப் பயிற்றுவிக்கும் பொருட்டு இத்தகைய ஆடலுக்கு விதிகள் வகுத்தார். அவ்வாடலில் படைகளைக் குறித்தவை சிறு கட்டைகளே. பின்னர், எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர், பொம்மை வீரர்களைக்கொண்டு ஆடும் முறையை விளக்கி 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். குருதி சிந்தும் போரினும் இச்சிறு போரே சாலச் சிறந்தது என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டிலேயே உலகப் பெரும்போர் மூண்டது. அவர் சொல்லை உலகம் கேட்டிலது.

இவ்வாடலில் இன்று பெரிதும் வழங்கும் உருவங்களுள் ஒருவகை, நிற்கும் வீரனை ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரத்தில் காட்டுவது. நம் கட்டைவிரலின் மேற்கணு அளவே அது. அவ்வளவில் குதிரை வீரனைத் தீட்டுதல் காலாளைத் தீட்டுதலினும் அரிது. ஆங்கு உயிர்கள் இரண்டு. வீரனும் பொய்யாதல் கூடாது, குதிரையும் பொய்யாதல் கூடாது.

தீட்டுவோர் முதலில் உருவத்தைக் கழுவித் தூய்மை செய்வர். பின்பு, வண்ணம் பற்றி நிற்றற்பொருட்டு அடிப்பூச்சு இடுவர். குதிரையையும் வீரனையும் தனித்தனியே தீட்டி, இறுதியில் இணைத்தல் பலரது வழக்கம். இணைத்தபின் சேணத்தின் கீழும் காலின் உட்புறத்தும் தூரிகை எளிதிற் செல்லாது. அடிவண்ணம் உலர்ந்ததும், நீர்த்த கருவண்ணத்தைப் பூசுவர். அது பள்ளங்களிற் சென்று தங்கி நிழலாகும். மேடான இடங்களில் வெளிறிய வண்ணத்தை மெல்லெனத் தடவ, அவை ஒளி பெறும். கடிவாள வாரும், பொத்தானும், அங்கவடியும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணைகொண்டு தீட்டப்படும்.

கைத்திறம் மட்டும் இதற்குப் போதுமோ? போதாது. செம்பழுப்புக் குதிரையுள் ஒருவகைக்குப் பிடரியும் வாலும் கால்களின் கீழ்ப்பகுதியும் கருமை. மற்றொரு வகைக்கு அவையும் உடலின் நிறத்தையே ஒத்திருக்கும். கால் வெள்ளையாயின் அதன் குளம்பும் பெரும்பாலும் வெளிறியிருக்கும். குதிரையின் கண்ணில் வெண்மை எளிதில் தோன்றாது. அஃது அறியாது மக்கட் கண்போல் வெள்ளை இட்டால், அமைதியாய் நிற்கும் குதிரையும் மிரண்டு நிற்பதுபோல் தோன்றும். இவற்றையெல்லாம் தூரிகை கற்பிக்காது. குதிரையைக் கண்டே கற்றல் வேண்டும்.

வரலாற்றையும் அங்ஙனமே கற்றல் வேண்டும். 1815ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் நிகழ்ந்த வாட்டர்லூப் போரில், ‘ஸ்காட்ஸ் கிரேஸ்’ எனப்பட்ட ஸ்காத்லாந்துக் குதிரைப்படை பிரெஞ்சுக் காலாட்படைமீது பாய்ந்தது. அவர்தம் குதிரைகள் சாம்பல் நிறத்தன. அந்நிறக் குதிரை ஆண்டு முதிர முதிர வெளுக்கும். ஆதலின் அப்படையில் கருஞ்சாம்பலும் இருக்கும், பால்போல் வெளுத்ததும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நிறமாகத் தீட்டுவோன் இயற்கையை மறந்தவனாவான். எலிசபெத் பட்லர் என்னும் ஓவியப் பெருமாட்டி 1881இல் வரைந்த புகழ்பெற்ற படத்தில் அக்குதிரைகள் காற்றெனப் பறந்து வருகின்றன. ஆயின், முன்னாள் இரவு பெருமழை பெய்தமையால் அக்களம் சேறாகிக் கிடந்தது. சிற்றுருவங் தீட்டுவோன் புகழையா பின்பற்றுவான், சேற்றையா? சேற்றைப் பின்பற்றுவோன் குதிரையின் காலிலும் வயிற்றிலும் மண்ணிறம் தெறிக்கச் செய்வான். அவனே உண்மையைப் போற்றியவன்.

உண்மையைப் போற்றுதல் எத்துணை இடர்ப்பாடு உடையது என்பதற்கு, வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அலுவலரின் வாழ்வு சான்றாகும். வாட்டர்லூக் களத்தின் மாதிரி ஒன்றை அமைக்குமாறு 1830இல் அவர் பணிக்கப்பெற்றார். அவர் அக்களத்திலிருந்த பண்ணைவீடு ஒன்றில் எட்டுத் திங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்று உயிர்பிழைத்த அலுவலர்களுக்குக் கடிதங்கள் எழுதி, “மாலை ஏழு மணியளவில் நும் படை யாண்டு நின்றது?” என்ற பொருள்பட வினவினார். 1833இல் அரசு பொருளுதவியை நிறுத்தியது. அவர் பணியை நிறுத்தினாரல்லர். கைப்பொருளைச் செலவிட்டுக் கடனும் பட்டார். 70,000க்கு மேற்பட்ட சிற்றுருவங்களுடன் அம்மாதிரி 1838இல் இலண்டனில் மக்கள் காட்சிக்கு வந்தது.

ஆயின், அதிற் பிரஷியப் படை மிகுதியாகக் காட்டப்பட்டுள்ளது என்று வெல்லிங்டன் கோமகனைச் சார்ந்தோர் குறை கூறினர். வெற்றியின் புகழைப் பிறரோடு பகிர்தல் எளிதன்று. சைபோர்ன் நெடிது எதிர்நின்றார், இறுதியில் இணங்கினார். பிரஷியர் உருவங்கள் பல அகற்றப்பட்டன. விரலளவும் இல்லாத ஈயப் பொம்மைகள் ஒரு நாட்டின் பெரியோரைக் கலங்கச் செய்தன எனின், உண்மையின் ஆற்றலை என்னென்பது! பின்னர் அவர், குதிரைப்படையின் பாய்ச்சலைக் காட்டும் மற்றொரு மாதிரியையும் அமைத்தார். கடன் சுமையோடு போராடி 1849இல் மறைந்தார்.

அகற்றப்பட்ட உருவங்கள் மீளவில்லை. ஆயினும், அலுவலர்கள் அவருக்கு எழுதிய விடைகள் அழியவில்லை. அவருடைய மகனார் அவற்றுட் பலவற்றைத் தொகுத்து 1891இல் வெளியிட்டார். வாட்டர்லூவை ஆராய்வோர் இன்றும் அவற்றை நாடுகின்றனர். முதல் மாதிரி இலண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தைச் சேர்ந்துள்ளது.

மாணவர்களே, குதிரையின் வயிற்றடியில் தெறித்த சேற்றைக் காண்போர் சிலரே. காண்பார் இல்லை என்று அதனைத் தீட்டாது விடுதல் எளிது. காண்பார் இல்லாவிடத்தும் உள்ளதை உள்ளவாறு செய்பவனே கலைஞன். வலியார் வெறுக்குமிடத்தும் உள்ளதை உள்ளவாறு எழுத முயல்பவனே வரலாற்றாசிரியன். இவ்விருவர் பண்பும் ஒரு சிறு தூரிகையின் நுனியில் வந்து கூடுகின்றன. நும் கையிலுள்ள எழுதுகோலின் நுனியிலும் அவை கூடுக.