எஃப்.எல்.லா, லாஜிக்கா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று பாட்டையும் கேட்டேன். இரண்டாவது பாட்டில் சரணத்துக்கு முன்னால் வரும் நாகஸ்வர இன்டர்லூடை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உன் மாமா வாசித்தது என்று எழுதியிருந்தாய். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

பாட்டைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மென்பொருளைப் பற்றித்தான். எஃப்.எல். ஸ்டுடியோவை விட்டுவிட்டு லாஜிக்குக்குப் போகலாமா, அதற்கு மேக் வாங்க வேண்டுமே, ஏபிள்டன் லைவ் போதுமா, இல்லை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாமா? வடபழனியில் யாரோ, "எஃப்.எல். பீட் போடுறவங்களுக்குத்தான், சினிமாவுக்கு ஆகாது" என்றாராம். அந்த ஒரு வரி உன்னை நன்றாக அலைக்கழித்திருக்கிறது. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் 'சவுண்ட்' விஷயத்தை முடித்துவிடுவோம். லாஜிக்கில் ஒலி வெதுவெதுப்பாக இருக்கும், புரோ டூல்ஸில் கெட்டியாக இருக்கும், எஃப்.எல்.லில் மெலிசாக இருக்கும் என்று டீக்கடையில் பேசுவார்கள். நம்பாதே, நீயே சோதித்துப் பார். ஒரே பாட்டின் ஸ்டீரியோ டிராக்குகளை இரண்டு மென்பொருளில் போடு. பிளக்-இன் எதுவும் வேண்டாம், ஃபேடரைத் தொடாதே, பேன் நடுவில் இருக்கட்டும், டிதரை அணைத்துவிடு. இரண்டிலிருந்தும் எக்ஸ்போர்ட் செய்த கோப்புகளை ஒரே செஷனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றுக்கு மட்டும் ஃபேஸ் பட்டனை அழுத்து. மீட்டர் தரையோடு தரையாகக் கிடக்கும், காதிலும் ஒன்றும் விழாது. இரண்டும் ஒரே ஒலி என்பதால் ஒன்றையொன்று அழித்துவிட்டன. எல்லாமே உள்ளே கூட்டல் கணக்குத்தான் போடுகின்றன. வேறுபாடு கேட்டால் அதற்குக் காரணம் அநேகமாகப் பேன் விதியாக இருக்கும். மோனோ டிராக் நடுவில் இருக்கும்போது எத்தனை டெசிபல் குறைப்பது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொள், மதம் மாறிவிடாதே.

ஒலியில் இல்லாத வேறுபாடு புத்தியில் இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் யாருக்காகப் பிறந்ததோ அவர்களைப் போலவே இன்னும் யோசிக்கிறது. கியூபேஸ் 1989-இல் அட்டாரி எஸ்.டி. கணினியில் வந்தது. அந்தக் கணினியில் மிடி இணைப்பு கூடவே இருந்தது. லாஜிக்கின் மூதாதையும் அதே அட்டாரியில்தான் வளர்ந்தது. ஆகவே இரண்டும் கீபோர்டில் வாசித்து, பார் பாராகப் பாட்டைக் கட்டுகிறவருக்கானவை. பாட்டு இடமிருந்து வலமாக நீளும். 1991-இல் வந்த புரோ டூல்ஸ், டேப்பை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒலிப்பொறியாளர்களுக்கானது. அதனால்தான் பதிவும் எடிட்டும் மிக்சிங்கும் அதில் கைக்கு அவ்வளவு வசமாக இருக்கின்றன. 2001-இல் பெர்லினிலிருந்து வெளிவந்த ஏபிள்டன் லைவை உருவாக்கியவர்களில் கெர்ஹார்ட் பேலஸும் ராபர்ட் ஹெங்கேயும் மோனோலேக் என்ற பெயரில் மேடையேறியவர்கள். அதன் செஷன் வியூ, பாட்டின் வரிசையை முன்கூட்டியே முடிவு செய்யாமல் துண்டுகளை அங்கேயே கோத்து வாசிக்கிறவருக்கானது. உன் எஃப்.எல். 1997-இல் பெல்ஜியத்தில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வெறும் ஸ்டெப் சீக்வென்சராகப் பிறந்தது. பதினாறு கட்டம், அதில் கிக் எங்கே, ஸ்னேர் எங்கே, அவ்வளவுதான். இன்று எவ்வளவோ வளர்ந்துவிட்டது. என்றாலும் முதலில் பேட்டர்ன் செய், பிறகு அதைப் பரப்பு என்றுதான் இன்னும் உன்னிடம் சொல்கிறது.

இதை உன் பாட்டிலேயே கேட்கலாம். உன் தாளக்கட்டு பிரமாதம், மிஸ்ர சாபுவில் அந்த உருமி லூப் உட்கார்ந்திருக்கும் விதம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அது எஃப்.எல். கொடுத்தது. ஆனால் மாமாவின் வாசிப்பை நான்கு நான்கு பாராக நறுக்கி, கட்டத்துக்குள் தள்ளியிருக்கிறாய். அவர் மூச்செடுக்கும் இரண்டு இடங்களைக் காணோம். தாளமில்லாமல் வாசித்த அந்த முதல் நீளப் பிடி, பாட்டின் வேகத்துக்கு இழுக்கப்பட்டு, குழைவு போய் விறைத்து நிற்கிறது. இது உன் ரசனையில் உள்ள கோளாறாக இருக்காது, கருவி காட்டிய வழியில் போயிருக்கிறாய். கியூபேஸும் ரீப்பர் என்ற மென்பொருளும் லாஜிக்கும் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்ய வழி வைத்திருக்கின்றன. வாசித்ததை அப்படியே விட்டுவிட்டு, பாட்டின் டெம்போ கோட்டை வாசிப்புக்கு ஏற்ப வளைக்கலாம். கிளிக்குக்குப் பழகாத கலைஞரை வைத்துப் பதிவு செய்கிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம். ஏபிள்டனுக்குப் போவதாக இருந்தால், நீளமான ஆடியோவைத் தானாக வார்ப் செய்யும் அமைப்பை முதல் நாளே அணைத்துவிடு. இல்லையென்றால் நீ கேட்காமலேயே ஆலாபனைக்குத் தாளம் போட்டுக் கொடுத்துவிடும்.

இனி 'சினிமாவுக்கு ஆகாது' என்ற பேச்சுக்கு வருகிறேன். எதில் கம்போஸ் செய்தாய் என்று சினிமாவில் எந்த இயக்குநரும் கேட்பதில்லை. கடைசி மிக்சிங் பெரும்பாலும் புரோ டூல்ஸில் நடக்கிறது. அங்கே உன் புராஜெக்ட் கோப்பு போவதே இல்லை, ஸ்டெம்கள்தான் போகின்றன. தாளம் தனி, பேஸ் தனி, தந்திகள் தனி, குரல் தனி என்று. லாஜிக்கில் செய்தவரும் கியூபேஸில் செய்தவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆக, உன் பாட்டு உன் அறையை விட்டு அடுத்து யார் கைக்குப் போகிறது என்று பார். ஒரு இசையமைப்பாளரிடம் புரோகிராமராகச் சேரப்போகிறாய் என்றால் கதையே வேறு. அங்கே அவர் வைத்திருப்பதுதான் உன் மென்பொருள், விவாதமே கிடையாது. சென்னையில் லாஜிக் தெரிந்திருந்தால் சில கதவுகள் சுலபமாகத் திறக்கும் என்பது உண்மை. ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியில் லாஜிக் சொல்லிக்கொடுக்க மேக் ஆய்வகங்கள் அமைப்பதாக 2017-இல் ஆப்பிளே அறிவித்தது. அந்த வேலை கையில் வரும்போது கற்றுக்கொள். ஒரு மென்பொருளை ஆழமாகக் கற்றவனுக்கு இரண்டாவதைக் கற்க அதிக நாள் பிடிக்காது. எதிலும் ஆழம் போகாதவனுக்கு ஒவ்வொன்றுமே முதல் மென்பொருள்தான்.

பெரியவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பட்டியல் போடுவதில் பிரயோசனமில்லை. ஹான்ஸ் ஸிம்மர் கியூபேஸ்காரர். பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தை அவருடைய அண்ணன் ஃபினியஸ் வீட்டுப் படுக்கையறையில் லாஜிக்கில் செய்தார். அவிச்சி தன் பாட்டுகளை எஃப்.எல்.லில் செய்தார். 2007-இல் உலகமே கேட்ட ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாட்டின் டிரம்ஸ், மேக்கில் இலவசமாக வரும் கராஜ்பேண்டின் ஒரு லூப். இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவாய்?

இரண்டு மென்பொருளைச் சேர்த்துப் பயன்படுத்துவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், உன்னைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு மென்பொருளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு இணைக்க ரீவயர் என்று ஒன்று இருந்தது. ரீசன் மென்பொருளின் சுவீடன் நிறுவனம் கொண்டுவந்தது. இருபது வருடத்துக்கும் மேலாகப் பலர் அதை நம்பி வேலை செய்தார்கள். 2020-இன் முடிவில் அந்த நிறுவனமே அதைக் கைவிட்டது. கேக்வாக் கதை இன்னும் மோசம். 1987-இலிருந்து இருந்த மென்பொருள். 2013-இல் கிடார் கம்பெனியான கிப்சன் வாங்கியது, 2017 நவம்பரில் நிறுத்திவிட்டது. அடுத்த வருடம் சிங்கப்பூரின் பேண்ட்லேப் வாங்கி உயிர்கொடுத்ததால் பயனர்கள் தப்பினார்கள். லாஜிக்கும் ஒரு காலத்தில் விண்டோஸில் ஓடியது. 2002-இல் ஆப்பிள் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது, அதோடு விண்டோஸ்காரர்களுக்குக் கதவு மூடியது. புராஜெக்ட் கோப்பை மட்டும் நம்பி வைத்திருந்தால் உன் பாட்டின் ஆயுள் யாரோ ஒரு முதலாளியின் கையில் இருக்கிறது.

மிடியில் பரிமாறிக்கொள்ளலாமே என்பாய். மேற்கத்திய பியானோவுக்குச் சரி, நமக்கு வம்பு. வீணை ஒலியில் தோடி காந்தாரத்தை அசைக்க, பிட்ச் பெண்டின் வீச்சை 12 செமிடோன் என்று வைத்து, வளைவை மெனக்கெட்டு வரைகிறாய். மிடி கோப்பில் வளைவு போகும், வீச்சு எவ்வளவு என்ற தகவல் பெரும்பாலும் கூடப் போகாது. அந்தப் பக்கத்துக் கருவி வழக்கம்போல 2 செமிடோனில் இருக்கும். நீ இரண்டு செமிடோன் இழுத்தது அங்கே ஒரு செமிடோனில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கமகமும் போயிற்று, ராகமும் போயிற்று. எஃப்.எல்.லின் ஸ்லைடு நோட்டுகள் அதன் சொந்தக் கருவிகளில் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள். 2023-இல் பிட்விக், பிரீசோனஸ் நிறுவனங்கள் சேர்ந்து டா-புராஜெக்ட் என்ற பொதுக் கோப்பு முறையைக் கொண்டுவந்தன. நல்ல முயற்சிதான். ஆனால் மறுபக்கத்தில் அதே பிளக்-இன் இல்லாவிட்டால் அதுவும் உன்னைக் காப்பாற்றாது.

ஆகவே ஒரு மென்பொருளின் எல்லையைத் தாண்டும்போது ஆடியோவாகவே தாண்டு. எல்லா ஸ்டெம்மும் பாட்டின் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும், குரல் மூன்றாவது நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும் சரி. 24 பிட், ஸ்டீரியோ. எக்கோவும் ரிவெர்பும் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. கோப்பின் பெயரிலேயே வேகமும் சுருதியும் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'நிஜ ஃபைனல்' என்றெல்லாம் பெயர் வைத்து மிக்சிங் செய்கிறவரைச் சோதிக்காதே. படத்துக்கான வேலை என்றால் தொடக்கத்திலேயே 48 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பி. 44.1-இல் பதிவான கோப்பை 48 செஷனில் திறக்கும்போது பெரும்பாலான மென்பொருள்கள் தாமே மாற்றிக்கொள்ளும், சில கேட்கும். கேட்கும்போது அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டு கட்டை நாகஸ்வரம் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் போய்த் தொங்கும். நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பது நொடியில் முடிந்துவிடும். கூடவே போன தம்புரா டிராக் 48-இல் பதிவாகி இருந்துவிட்டால் மிக்சிங் அறையில் எல்லோரும் நாகஸ்வரக்காரரைத்தான் திட்டுவார்கள்.

கிராக் பற்றி நீ எழுதவில்லை, ஆனால் உன் ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த பிளக்-இன்களின் விலையைக் கூட்டினால் உங்கள் ஊரில் ஒரு வீட்டு மனை வாங்கலாம். ஒழுக்கம் பேச வரவில்லை. கிராக் பிளக்-இன்னில் செய்த புராஜெக்டை ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திறக்க முடியாமல் போனால், யாரிடமும் கேட்கக்கூட முடியாது. எஃப்.எல்.லை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம். இவ்வளவு நியாயமான வியாபாரம் இந்தத் தொழிலில் அபூர்வம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எஃப்.எல்.லிலேயே இரு. உன் கை அதில் ஓடுகிறது, தாளம் அங்கே பிறக்கட்டும். மாமாவையும் தவில்காரரையும் பதிவு செய்யவும், குறும்படங்களுக்கு ரீரெக்கார்டிங் செய்யவும் ரீப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள். நம் தலைமுறை எம்.பி.3 கேட்ட வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கெல்தான் இதையும் எழுதினார். அறுபது நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், தனியாள் உரிமம் 60 டாலர். உன் பழைய லேப்டாப்பிலேயே ஓடும், வீடியோவையும் உள்ளே வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே மேலே சொன்ன ஸ்டெம்கள் மட்டும் போய் வரட்டும். மூன்றாவதாக ஒன்றை இந்த வருடம் இறக்காதே. மேக்குக்குச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல மைக்கும் இரண்டு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸும் வாங்கி, மிச்சத்தைத் தவில்காரருக்குச் சம்பளமாகக் கொடு.

அந்த இரண்டாவது பாட்டின் இன்டர்லூடை, மாமாவின் மூச்சை நறுக்காமல், ரீப்பரில் மறுபடி பதிவு செய்து எனக்கு அனுப்பு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பூஜ்யத்திலிருந்து.

அன்புடன்,
உன் அண்ணன்