கியர் இல்லாத வண்டிதானே!

பள்ளிக்கு நேரமாகிவிட்ட காலைகளில், "அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போ, கியர் இல்லாத வண்டிதானே!" என்னும் சொல் நம் ஊரில் பல வீடுகளில் கேட்கிறது. பதினாறு வயதானால் கியர் இல்லாத வண்டியை ஓட்டலாம் என்பது பெற்றோர் பலருடைய எண்ணம். அது பாதிதான் சரி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பதினாறு வயதினருக்கு அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே. அதற்கும் உரிமம் வேண்டும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 அந்த அளவில் அடங்கியது. இன்று நம் தெருக்களில் மூட்டை சுமக்கும் எக்ஸ்.எல். 100-ஓ ஏறத்தாழ 100 சி.சி.; ஸ்கூட்டர்கள் பல அதற்கும் மேல். கியர் இல்லாவிட்டாலும் இவை பதினெட்டு நிறைந்தவர்களுக்கே உரியவை.

2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. வயது நிறையாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டியவர் 25 வயது வரை உரிமம் பெற முடியாது. அவசரத்தில் சாவியைக் கொடுக்கும் தாய்மாருக்கு இதை யார் சொல்வது? மாணவியராகிய நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி, நாம் வகுப்பில் படித்த கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். எதிரே ஓர் ஆடு குறுக்கிடுகிறது. கண் கண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகிறதென்று கொள்வோம். வேகம் குறையத் தொடங்கும் முன்பே 11 மீட்டர் போய்விட்டது! வேகம் 60 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஒன்றரை மடங்கு அன்று, இரண்டேகால் மடங்கு. சாலையோர மணலில் சக்கரம் சறுக்கினால் இந்தக் கணக்கும் பொய்த்துப்போகும். உப்பு லாரிகளின் இடப்புறம் நுழைந்து முந்துவது அதனினும் கேடு; வலப்புறம் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் சரியாகத் தெரியாது. திருச்செந்தூர்ச் சாலையில் விடியுமுன் பாதயாத்திரையாக நடந்து வருவோரையும் நினைக்க வேண்டும்.

பின்னால் அமர்பவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாவிட்டால் அது விழும்போதே கழன்றுவிடும். தாவணியையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும்.

பதினெட்டு நிறைந்தபின் பழகுநர் உரிமம் பெறலாம். 30 நாள் கழித்தே ஓட்டுத் தேர்வு. அதுவரை வண்டியில் வெள்ளை அட்டையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பின்னால் கற்றுக்கொடுப்பவர் மட்டுமே அமரலாம். தோழியை ஏற்றிச் செல்லக்கூடாது.